டிக்கெட்டா, இசைத்தட்டா?

உள்ளூர் இசைக்குழுவுக்கு உதவ நினைத்தால் கச்சேரிக்குப் போவதா, அதன் பாட்டுகளை வெளியிடும் சின்ன லேபிளிடம் (இசைத்தட்டு நிறுவனத்திடம்) தட்டு வாங்குவதா?

வாஷிங்டன் டிசியின் டிஸ்கார்ட் லேபிளைப் பாருங்கள். டீன் ஐடில்ஸ் குழு கச்சேரிகளில் சேர்த்த சுமார் 600 டாலரில்தான் 1980இல் அதன் முதல் தட்டே வந்தது. பின்னாளில் அதே லேபிளின் ஃபுகாஸி குழு, நுழைவுக் கட்டணத்தை 5 டாலர் அளவிலேயே வைத்து எல்லா வயதினரையும் உள்ளே விட்டது, பள்ளிப் பிள்ளைகளும் வர முடிந்தது. இந்த நெருக்கத்தைத் தட்டு தராது.

சரி, தட்டு எதற்கு? டீன் ஐடில்ஸ் தட்டு வெளிவரும்போது குழுவே கலைந்துவிட்டது, ஆனாலும் லேபிள் விடாமல் நின்றதால் அந்தப் பாட்டுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன.

என்னைக் கேட்டால் முதலில் கச்சேரிதான். காசு மிஞ்சினால் அங்கேயே தட்டையும் வாங்குங்கள். வெளியூர்க் குழு என்றால் லேபிளிடமே நேராக ஆர்டர் செய்யுங்கள்.