சிங்கப்பூர் ஈரக்காற்றில் லெஜேர் கிளாரினெட் ரீட்: வாங்கலாமா?

கிளாரினெட் வாசிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் மாதாமாதம் காசு கரையும் இடம் ரீட். நாதஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ, கிளாரினெட்டுக்கு ரீட் அப்படி. சீவாளி இரட்டை நாக்கு, இது ஒற்றை நாக்கு. இரண்டும் நாணல் வகைத் தட்டையிலிருந்து வருபவைதான். ரீட்டின் நுனி சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமன். அந்த நுனி கொஞ்சம் நெளிந்தாலும் போதும், ஆயிரக்கணக்கில் வெள்ளி கொடுத்து வாங்கிய கருவி கீச்சென்று கத்தும்.

லெஜேர் 1998இல் கனடாவில் தொடங்கிய நிறுவனம். அவர்களுடைய ‘யூரோப்பியன் கட்’ ரீட் நாணல் இல்லை, பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக். நனைந்த நாணலுக்கு இருக்கும் விறைப்பு வரும்படி அந்தப் பிளாஸ்டிக்கைப் பதப்படுத்தியிருக்கிறார்கள். ஒரே ஒரு ரீட்டின் விலை, வான்டோரன் நாணல் ரீட் பத்து கொண்ட பெட்டியின் விலையை ஏறக்குறைய தொட்டுவிடும். அந்தக் காசுக்குத் தகுமா என்பதுதான் கேள்வி. இந்த ஊர்க் காற்றை வைத்துப் பார்த்தால் பள்ளி மாணவருக்குத் தகும். இசையையே தொழிலாக எடுக்கப்போகும் மாணவருக்குப் பாதிதான் தகும்.

காரணம் ஈரப்பதம். சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். வீட்டில் அந்தக் காற்றைக் குடித்து உப்பிய நாணல், பள்ளியின் ஏர்கான் அறைக்குள் போனதும் காயத் தொடங்குகிறது. நுனி அலை அலையாக நெளியும். அதைவிட மோசம், அடிப்பக்கம் வளைந்து, வாயில் வைத்து ஊதும் பகுதியான மவுத்பீஸோடு ஒட்டாமல் போவது. நுனி நெளிந்தால் கண்ணுக்குத் தெரியும். அடி வளைந்தால் தெரியாது, பிள்ளைக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். சோதிப்பது எளிது. ரீட் மாட்டிய மவுத்பீஸை, அதற்குக் கீழே உள்ள குட்டைக் குழாயான பேரலோடு கழற்றி, பேரலின் அடித்துளையை உள்ளங்கையால் அடைத்து, வாயால் காற்றை உறிஞ்சிவிட்டு மவுத்பீஸை வாயிலிருந்து எடுங்கள். ஓரிரு விநாடி கழித்து ‘பொப்’ என்று விட்டால் சரியாகப் பொருந்தியிருக்கிறது. உடனே விட்டால் எங்கோ காற்று கசிகிறது.

லெஜேரில் இந்தத் தொல்லை இல்லை. அடிப்பக்கம் தட்டையாகவே இருக்கும். நனைக்க வேண்டாம், பூஞ்சை ஊடுருவாது, பெட்டியிலிருந்து எடுத்ததும் வாசிக்கலாம். பத்து நாணல் ரீட் வாங்கினால் மேடைக்குத் தேறுவது மூன்று நான்கு, அவையும் சில வாரங்களில் தளர்ந்துவிடும். ஒரு லெஜேர் பல மாதம் வரும். தேசிய தின அணிவகுப்பில் வெயிலில் காத்திருந்து வாசிக்கும் பிள்ளைகளுக்கும், நீண்ட ஓய்வுக்குப் பிறகு சட்டென்று நுழைய வேண்டிய பேஸ் கிளாரினெட்காரர்களுக்கும் இதைத் தயங்காமல் சொல்வேன்.

குறைகளும் உண்டு. நாணல் எச்சிலை உறிஞ்சும், பிளாஸ்டிக் உறிஞ்சாது. எச்சில் ரீட்டுக்கு அடியில் தேங்கிக் கொரகொரக்கும். ஓய்வு வரும் இடங்களில் உள்ளிழுத்துக்கொள்ளப் பழக வேண்டும். ஏர்கான் குளிரில் பிளாஸ்டிக் விறைக்கும், முதல் இரண்டு நிமிடம், ரீட்டின் விறைப்பைக் குறிக்கும் எண் அரை கூடியதுபோல் கனக்கும், வாயில் வைத்துச் சூடேற்றினால் இறங்கும். தொடர்ந்து ஒரு மணி நேரம் வாசித்தால் தளர்ந்து, மேல் ஸ்தாயியில் சுருதி சற்றுக் கீழே போகும். ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் மீளும். அதனால் இரண்டு வாங்கி மாற்றி மாற்றி வாசிப்பதே நல்லது. நுனி உடைந்தால் குப்பைதான். நாணலைக் கத்தியால் சீவிச் சரிசெய்யலாம், இதை அவ்வளவு எளிதாகச் சீவ முடியாது.

எண் தேர்வில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். லெஜேர் கால் எண் இடைவெளியில் வருகிறது: 2.5, 2.75, 3 என்று. நாணலில் 3 வாசிப்பவர் 2.75இல் தொடங்கட்டும். மவுத்பீஸின் வாய்த்திறப்பையும், அதாவது அதன் நுனிக்கும் ரீட் நுனிக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். மாணவர்களிடம் பரவலாக உள்ள யமஹா 4சியின் திறப்பு 1.05 மில்லிமீட்டர், வான்டோரன் பி45இன் திறப்பு 1.195. திறப்பு கூடினால் அதே ரீட் இன்னும் கனமாகத் தெரியும். 4சியில் சரியாக இருந்த ரீட், மவுத்பீஸ் மாற்றியதும் மூச்சு முட்டவைப்பது இதனால்தான்.

மாட்டும் முறை: ரீட்டை மவுத்பீஸோடு பிடித்துவைக்கும் பட்டையான லிகச்சரை முதலில் தளர்வாகப் போட்டு, ரீட்டை மேலிருந்து அதற்குள் இறக்குங்கள். நேராகப் பார்க்கும்போது ரீட் நுனிக்கு மேல் மவுத்பீஸின் கறுப்பு ஒரு மயிரிழை தெரிய வேண்டும். ரீட்டை மேலே தள்ளினால் கனக்கும், கீழே இறக்கினால் லேசாகும். புது எண் வாங்கும் முன் இந்த நகர்த்தலைச் செய்து பாருங்கள். கீழ்த் திருகை இறுக்கமாகவும் மேல் திருகை ஆடாத அளவுக்கும் வையுங்கள். மேல் திருகை முறுக்கினால் நாதம் அமுங்கும், பிளாஸ்டிக்கில் தழும்பும் விழும்.

ஒலி எப்படி? பள்ளி பேண்டில் அறுபது பேர் நடுவே வித்தியாசம் கேட்காது. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பஸூன் என்று ஐந்தே பேர் உட்காரும் அறையிசையில் கேட்கும். மொசார்ட் கிளாரினெட்டுக்கும் நான்கு தந்திக் கருவிகளுக்கும் 1789இல் எழுதிய கிளாரினெட் குவின்டெட்டின் மெதுவான இரண்டாம் பகுதியில் தந்திகள் மியூட் என்ற ஒலியடக்கி போட்டு வாசிக்க, கிளாரினெட் ஒன்றுமில்லாததிலிருந்து முளைத்து வருவதுபோல் வர வேண்டும். நல்ல நாணல் அங்கே காற்றும் நாதமும் பிரியாமல் தொடங்குகிறது. லெஜேரில் அந்தத் தொடக்கம் ஒரு துளி பளிச்சென்று வந்துவிடுகிறது. நாக்கால் வெட்டி வெட்டி வாசிக்கும் வேகமான பகுதிகளில் இதுவே நல்லதாகிறது, ஒவ்வொரு சுரமும் தெளிவாக விழுகிறது. 1950களின் பிற்பகுதியில் மேற்கத்திய டிரம்களில் தோல் போய்ப் பாலியஸ்டர் முகம் வந்தபோது டிரம் வாசிப்பவர்களும் இதே கணக்கைத்தான் போட வேண்டியிருந்தது.

இணைப்பாட நடவடிக்கைக்காகவும் சிங்கப்பூர் இளையர் விழாவுக்காகவும் வாசிக்கும் பிள்ளைக்கு இரண்டு லெஜேர் போதும். கலைப் பள்ளிக்கோ, நன்யாங் நுண்கலைக் கழகத்துக்கோ, யோங் சியூ தோ இசைக் கல்லூரிக்கோ தேர்வு வாசிக்கப்போகிறவர் நாணலை விடக்கூடாது. எந்த ரீட் எந்த அறையில் எப்படி மாறும் என்று தெரிந்து, உதட்டுப் பிடியால் சமாளிப்பது அந்தத் தொழிலின் ஒரு பாகம். நாணலில் நான்கைச் சுழற்சியில் வையுங்கள். புதியதை முதல் சில நாள் பத்து நிமிடத்துக்கு மேல் ஊதாதீர்கள். ஈரத்தைத் துடைத்து, ஈரப்பதக் கட்டுப்பாட்டுப் பை உள்ள பெட்டியில் வையுங்கள். கரும்புள்ளிகள் பூஞ்சைபோலப் பரவினால் யோசிக்காமல் எறியுங்கள்.

லெஜேரைக் குழாய்த் தண்ணீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவினால் போதும். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் விட்டுவைக்காதீர்கள். கடையில் காசு கொடுக்கும் முன் எண் பொருந்தாவிட்டால் மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். மாட்டேன் என்றால், முதல் ரீட்டை ஆசிரியரிடம் கடன் வாங்கி ஊதிப் பார்த்துவிட்டு வாங்குங்கள், கழுவ மறக்காமல்.