பாஜாவா, ஃபார்முலாவா?

பாஜா, ஃபார்முலா இரண்டுமே இன்ஜினியரிங் மாணவர்கள் தாங்களே வண்டி கட்டி ஓட்டும் போட்டிகள். இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: காலேஜில் இரண்டு டீமும் இருக்கிறது, எதில் சேரலாம்?

ஃபார்முலா என்றதுமே கூட்டம் அந்தப் பக்கம் சாயும். தரையை ஒட்டிய பந்தயக் கார், கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் போட்டி, யாருக்குத்தான் ஆசை வராது? பாஜா, சேற்றிலும் மேட்டிலும் நான்கு மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டிய ஒற்றை இருக்கை வண்டி.

ஃபார்முலாவில் 710 சிசி வரை நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் போடலாம். ஆனால் பெட்ரோல் என்ஜினுக்குள் போகும் காற்று மொத்தமும் 20 மி.மீ. துளை ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால், அப்புறம் என்ஜின் எவ்வளவு உறிஞ்சினாலும் கூடுதலாக வராது. அருமையான பாடம்தான். ஆனால் நான் பார்த்த டீம்களில் அதைப் படிப்பது இரண்டு பேர். மற்றவர்கள் ஸ்பான்சரையும் கூரியரையும் துரத்திக்கொண்டிருப்பார்கள்.

பெட்ரோல் பாஜாவில் எல்லாருக்கும் ஒரே என்ஜின், கைவைக்கக் கூடாது. பல ஆண்டுகள் அது 10 குதிரைத்திறன் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன். வேகம் வேண்டுமா, எடையைக் குறை, கியரைச் சரியாகக் கணக்கிடு.

வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டான ரோல் கேஜையே எடுத்துக்கொள்வோம். முக்கியக் குழாய்களுக்கு அடிப்படை அளவு 25.4 மி.மீ. வெளிவிட்டம், 3 மி.மீ. தடிமன்; மீட்டருக்கு ஏறக்குறைய 1.65 கிலோ. வளைவைத் தாங்கும் வலிமையும் விறைப்பும் குறையாவிட்டால் வேறு அளவும் போடலாம். 31.75 மி.மீ. விட்டம், 1.65 மி.மீ. தடிமன் என்று போட்டுப் பார்த்தால் விறைப்பு சுமார் 30 சதவீதம் கூடுகிறது, எடையோ மீட்டருக்கு 1.2 கிலோதான். இரும்பு மையத்தைவிட்டுத் தள்ளிப் போகப் போக விறைப்பு ஏறும். கணக்குப் போட்டு முடித்த அன்று எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மெல்லிய குழாயில் ஆர்க் வெல்டிங் பிடித்தோம், முதல் மூன்று இணைப்பிலும் ஓட்டை. அப்புறம் மெல்லிய குழாய்க்கு ஏற்ற டிக் (TIG) வெல்டிங் தெரிந்த அண்ணன் ஒருவரைக் கெஞ்சிக் கூட்டி வந்தோம். அவர் முதலில் கேட்டது, "இந்த மூலைக்குள்ள வெல்டிங் டார்ச் எப்படித் தம்பி போகும்?" வரைபடத்தை மறுபடி போட்டோம்.

அதனால் என் ஓட்டு பாஜாவுக்கு. டிரிபிள்ஈ (எலக்ட்ரிக்கல்) மாணவர் என்றால் மின்சார ஃபார்முலாவுக்குப் போங்கள், பேட்டரியில் அங்கே நிறைய வேலை இருக்கிறது. ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து ரெடிமேட் ப்ராஜெக்ட் வாங்குவதை நான் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை.

சேருவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: போன வருஷ வண்டியைக் கழற்றிப் பார்க்க விடுவார்களா? விடமாட்டார்கள் என்றால், அடுத்த டீமைப் பாருங்கள்.