ரோம் விமான நிலையத்திலிருந்து நகருக்கு: லியோனார்டோ எக்ஸ்பிரஸா, எஃப்எல்1 ரயிலா?

பியூமிசினோ விமான நிலையத்தில் இரண்டு ரயில்களும் ஒரே நிலையத்திலிருந்துதான் கிளம்புகின்றன. லியோனார்டோ எக்ஸ்பிரஸ் 14 யூரோ. எங்கும் நிற்காமல் 32 நிமிடத்தில் நகரின் முக்கிய ரயில் நிலையமான டெர்மினி. எஃப்எல்1க்கு 8 யூரோதான், ஆனால் அது டெர்மினிக்குப் போகாது. பலர் தடுமாறுவது இங்கேதான்.

எஃப்எல்1 நிற்கும் டிராஸ்டெவெரே பகுதியில் அறை என்றால் யோசிக்கவே வேண்டாம், அதுவே போதும். கொலோசியம் பக்கம் தங்குபவர்கள் எஃப்எல்1இல் வந்து ஒஸ்தியென்ஸே நிலையத்தில் இறங்கி, பக்கத்திலுள்ள பிரமிடே நிலையத்தில் மெட்ரோ பி லைனைப் பிடிக்கலாம். இரண்டாவது நிறுத்தம் கொலோசியம். மெட்ரோ டிக்கெட் 1.50 சேர்த்தும் 9.50 யூரோதான். டெர்மினிக்கே போவதானால், பெரிய பெட்டிகளை இழுத்து இப்படி மெட்ரோவுக்கு மாறி 4.50 யூரோ மிச்சம் பிடிப்பதைவிட எக்ஸ்பிரஸே மேல்.

8 யூரோ டிக்கெட்டோடு எக்ஸ்பிரஸில் ஏறினால் அபராதம். காகித டிக்கெட்டை ஏறுமுன் இயந்திரத்தில் முத்திரையிடாவிட்டாலும் அதே கதிதான்.