நகல் கேட்பதா, கோப்பை நேரில் பார்ப்பதா?

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் 1985இல் தொடங்கிய மாநிலப் பல்கலைக்கழகம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கும் பொருந்தும். வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். அதில் நகல் கேட்பதா, நேரில் பார்வையிடக் கேட்பதா?

உங்கள் விடைத்தாள்தான் வேண்டுமென்றால் நகலே சரி. பக்கத்துக்கு 2 ரூபாய். திருத்திய விடைத்தாளைக் கேட்கத் தேர்வருக்கு உரிமை உண்டு என்று 2011லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்கள் தகவல் தர வேண்டிய 30 நாள் கெடு தாண்டினால் நகல் இலவசம்.

பணி நியமனம், டெண்டர் என்று தடித்த கோப்பா? நேரில் போய்விடுங்கள். உள்ளே என்னென்ன தாள் இருக்கிறது என்று தெரியாமல் எதற்கு நகல் கேட்பது? பக்கம் பக்கமாகப் புரட்டும்போதுதான் ஓரத்தில் பச்சை மையில் எழுதிய குறிப்பு கண்ணில் படும். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை. தேவகோட்டையிலிருந்து பஸ் ஏறி வருபவருக்கு ஒரு நாள் வேலை கெடும், உண்மைதான். ஆனாலும் பார்த்து முடித்து, வேண்டிய நாலு பக்கத்துக்கு மட்டும் அப்புறம் நகல் வாங்கலாம்.

எதை மறுத்தாலும் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள்.