கடலூர் – புதுச்சேரி பஸ்: டிக்கெட் மலிவு, இறங்கிய பிறகுதான் செலவு

தனி ஆளாகப் போகிறவருக்கு இந்தத் தடத்தில் பஸ்ஸை மிஞ்ச எதுவும் இல்லை. தூரம் சுமார் 22 கி.மீ. தமிழக அரசு 2018 ஜனவரி இறுதியில் திருத்திய கட்டணப்படி, புறநகர் சாதாரண பஸ்ஸுக்குக் கி.மீ.க்கு 58 காசு, விரைவுப் பேருந்துக்கு 75 காசு. கணக்குப் போட்டால் முறையே சுமார் 13 ரூபாயும் 16 ரூபாய் 50 காசும் வரும். டிக்கெட்டை ஸ்டேஜ் (கட்டணம் மாறும் நிறுத்தம்) கணக்கில் கிழிப்பதால் கையில் கொடுக்கும் தொகை கொஞ்சம் கூடவே இருக்கும். இரண்டு ஸ்டேஜுக்கு நடுவில் இறங்கினாலும் அடுத்த ஸ்டேஜ் வரைக்கும் காசு கொடுத்தாக வேண்டும்.

பைக்குக்கு லிட்டருக்கு 50 கி.மீ. மைலேஜ், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால் ஒரு வழிக்கு 44 ரூபாய். இரண்டு பேர் போனாலும் தலைக்கு 22. டயர், ஆயில், சர்வீஸ் தனி. ஆனாலும் புதுச்சேரிக்குள் நாலைந்து இடம் அலைகிற வேலை இருந்தால் பைக்கே லாபம். ரயிலை நினைக்கவே வேண்டாம். நேர் பாதை கிடையாது, விழுப்புரம் சுற்றித்தான் வர வேண்டும்.

பணம் கரைவது இறங்கிய பிறகுதான். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து கடற்கரைக்கு மூன்று கி.மீ.கூட இருக்காது, ஆனால் அதற்கு ஆட்டோ கேட்கும் தொகை கடலூரிலிருந்து வந்த டிக்கெட்டைவிடப் பல மடங்கு. வாடகையைப் பேசி முடித்துவிட்டு ஏறுங்கள். தனியாக வந்தவர் டவுன் பஸ்ஸையோ ஷேர் டெம்போவையோ பிடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஜிப்மர் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடலூரிலிருந்து புதுச்சேரி வழியாகப் போகும் சென்னை பஸ்ஸில் இரண்டு வழி உண்டு. திண்டிவனம் வழி போவது கோரிமேட்டில் ஜிப்மரைத் தாண்டித்தான் போகும், ஈ.சி.ஆர். வழி போவது காலாப்பட்டு பக்கம் திரும்பிவிடும். போர்டில் திண்டிவனம் என்று பார்த்து, “ஜிப்மர்ல நிக்குமாண்ணே?” என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டு ஏறினால் ஆட்டோ காசு மிச்சம். காலையில் ஓ.பி. சீட்டு வாங்க ஓடுகிற நோயாளிக்கு அலைச்சலும் குறையும்.

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதத்திலிருந்து இருக்கிறது, ஆனால் தமிழக அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில்தான். இந்தத் தடத்தின் புறநகர் பஸ்ஸிலும் தனியார் பஸ்ஸிலும் அது செல்லாது. ஏறிய பிறகு கண்டக்டரிடம் வாக்குவாதம் வருவது பெரும்பாலும் இதனால்தான். கடலூருக்குள் முதுநகர், மஞ்சக்குப்பம் என்று தினமும் வேலைக்குப் போய்வரும் பெண்களுக்கு மாதக் கடைசியில் இது நல்ல மிச்சம்.

இந்தத் தடத்தின் பெரிய குறை நேரம். மாலையில் அரியாங்குப்பம் தாண்டியதும் முருங்கப்பாக்கம், மரப்பாலம், முதலியார்பேட்டை என்று வண்டி ஊர்ந்துதான் போகும். அவசர வேலை என்றால் அரை மணி முன்னாலேயே கிளம்புங்கள். தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் போன்ற நடு ஊர்களில் இறங்குகிறவர்கள் விரைவு பஸ்ஸில் ஏறக் கூடாது. நிறுத்தம் இல்லையென்றால் அடுத்த ஊரில் இறங்கித் திரும்பி வர வேண்டியதுதான். அவர்களுக்குச் சாதாரண பஸ்தான் சரி.