எபிக்கா, ஐகானா, கீஸ்டோன் மட்டும் போதுமா? டென்வரிலிருந்து ஒரு ஸ்கீ பாஸ் கணக்கு

மார்ச் வந்துவிட்டால், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் பக்கம் அலுவலகச் சாப்பாட்டு மேசையில் இரண்டே பேச்சுதான். ஒன்று வரித் தாக்கல். இன்னொன்று, அடுத்த குளிர்காலத்துக்கு எந்த ஸ்கீ பாஸ், அதாவது பருவம் முழுக்க மலையில் பனிச்சறுக்கு விளையாட விடும் சீட்டு, வாங்குவது. இந்த வருஷத்துப் பனியே இன்னும் மலையை விட்டு இறங்கியிருக்காது, அதற்குள் அடுத்த வருஷத்து விற்பனை ஆரம்பமாகிவிடும். புதிதாக வந்து சேர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகள், "அக்கா, ஆயிரம் டாலர் போட்டு எபிக் வாங்கலாமா?" என்று கேட்பார்கள். எபிக்கும் ஐகானும் ஒரே பாஸில் பல மலைகளில் சறுக்க விடுகிற இரண்டு போட்டிப் பாஸ்கள்; கீஸ்டோன் ஒரு மலை. எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது டென்வரின் புறநகரான ஹைலாண்ட்ஸ் ரான்ச்சில். முன்பு எபிக்கின் விலை குறைந்த வகையான எபிக் லோக்கல் வைத்திருந்தேன், இப்போது முக்கியமாகக் கீஸ்டோன் மலைக்கான கீஸ்டோன் பிளஸ். கணவர் என்னைவிட நன்றாகச் சறுக்குவார். பிள்ளைகள் இருவரும் எங்களைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் பச்சை ரன்னில் (சுலபமான சறுக்குப் பாதை) நிம்மதியாகவும், நடுத்தரமான நீல ரன்னில் சாமியைக் கும்பிட்டுக்கொண்டும் இறங்குகிற ஆள். கடினமான கறுப்பு வைரச் சரிவுகளைத் தேடிப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

முதலில் விலை. 2025-26 பருவத்துக்கு வசந்தத்தில் விற்பனை தொடங்கியபோது பெரியவர்களுக்கான முழு எபிக் பாஸ் 1,051 டாலர், எபிக் லோக்கல் 783. எதிர்முகாமில் ஐகான் 1,329, அதன் விலை குறைந்த வகையான ஐகான் பேஸ் 909. எபிக்கை விற்பது வெயில் (Vail) ரிசார்ட்ஸ் நிறுவனம். 2008-ல் 579 டாலருக்கு அதை ஆரம்பித்தார்கள். ஐகான் 2018-ல் ஆல்டெரா நிறுவனம் கொண்டுவந்தது. எங்கள் பக்கத்து மலைகளில் வெயில், பீவர் க்ரீக், பிரெக்கன்ரிட்ஜ், கீஸ்டோன் எல்லாம் எபிக். விண்டர் பார்க், காப்பர், ஸ்டீம்போட், அரபஹோ பேசின் எல்லாம் ஐகான். நண்பர்கள் எந்தப் பக்கமோ நாமும் அந்தப் பக்கம் என்றுதான் பாதிப் பேர் முடிவு செய்கிறார்கள். அது ஒன்றும் மோசமான காரணம் இல்லை. காரில் நான்கு பேர் சேர்ந்தால் பெட்ரோல் செலவும் பங்காகிவிடும்.

இனி அந்தப் பிரபலமான கணக்கு. "வெயில் மலையில் ஒரு நாள் டிக்கெட் 300 டாலருக்கு மேல். நாலு நாள் போனால் பாஸ் காசு வந்துவிட்டது, மிச்சமெல்லாம் இலவசம்." விற்கிறவர்கள் சொல்வது இது, வாங்கினவர்களும் வீட்டில் இதையேதான் ஒப்பிக்கிறார்கள். ஜவுளிக்கடையில் அட்டையில் 4,000 என்று அச்சடித்து ஆடித் தள்ளுபடியில் 1,500-க்குக் கொடுப்பார்களே, அந்தச் சங்கதிதான். ஜன்னலில் நின்று அந்த 300 டாலர் டிக்கெட்டை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் திடீரென்று முடிவெடுத்து வந்த சுற்றுலாப் பயணிகள். உள்ளூர்க்காரர்கள் யாரும் அதை வாங்கி நான் பார்த்ததில்லை. நாம் ஒருபோதும் கொடுக்கப்போகாத விலையை வைத்துக்கொண்டு எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதில் அர்த்தமில்லை.

அந்த விலை உயரமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பனி பெய்யுமா பெய்யாதா என்பது மலைக்காரர்களின் நிரந்தரக் கவலை. பாஸை முன்கூட்டியே விற்றுவிட்டால் பனி வந்தாலும் வராவிட்டாலும் பணம் அவர்கள் கையில். வானத்தைப் பார்க்கிற வேலை நம் தலையில். வெயில் ரிசார்ட்ஸ் ஒரு பருவத்துக்கு 20 லட்சத்துக்கும் மேல் பாஸ் விற்கிறது. அதனால்தான் வசந்தத்தில் குறைந்த விலை, செப்டம்பரில் ஏற்றம், டிசம்பர் தொடக்கத்தில் விற்பனையே மூடல். யோசித்து முடிவெடுக்க நேரம் கொடுக்காமல் இருப்பதும் வியாபாரத்தின் ஒரு பகுதி.

சரி, எதோடு ஒப்பிடுவது? எபிக் டே பாஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒரு நாளிலிருந்து ஏழு நாள் வரை எத்தனை வேண்டுமோ அத்தனை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம். எந்த மலைகள் என்பதைப் பொறுத்து அதில் விலை வரிசைகள் உண்டு; கீஸ்டோன் அடங்கும் நடு வரிசையை, விடுமுறை நாள்கள் இல்லாமல் எடுத்தால் ஒரு நாளுக்குச் சுமார் 100 டாலர். நாள் கூடக் கூட இன்னும் குறையும். நியாயமான எதிர்விலை இதுதான். இதை வைத்துப் பார்த்தால் எபிக் லோக்கல் எட்டு நாள் போனால்தான் ஈடாகும், முழு எபிக் பத்து நாளுக்கு மேல். கீஸ்டோன் பிளஸ் 400 டாலர் பக்கம் வரும், நாலு நாளில் ஈடு. நாலுக்கும் பத்துக்கும் நடுவில்தான் நம் மாதிரிக் குடும்பங்களின் உண்மையான குளிர்காலம் இருக்கிறது.

ஏன் அவ்வளவு குறைந்த நாள்கள் என்று கேட்பவர்கள் சனிக்கிழமை காலை ஐ-70 நெடுஞ்சாலையில் போய்ப் பார்க்கட்டும். எங்கள் வீட்டிலிருந்து கீஸ்டோன், சாலை காலியாக இருந்தால் ஒன்றரை மணி நேரம். பனிக்காலச் சனிக்கிழமை ஏழு மணிக்குக் கிளம்பினால் மூன்று மணி நேரமும் ஆகும். ஃப்ளாய்ட் ஹில்லில் ஆரம்பிக்கும் சிவப்பு விளக்கு வரிசை ஐடஹோ ஸ்பிரிங்ஸ் தாண்டியும் தொடரும். அப்புறம் 11,000 அடிக்கு மேலே ஐசன்ஹோவர் சுரங்கம். செப்டம்பரிலிருந்து மே வரை அந்த மலைப்பாதையில் டயர் விதி வேறு: நல்ல ஆழமுள்ள குளிர்கால டயரோ, நான்கு சக்கர இழுவையோ, சங்கிலியோ இருக்க வேண்டும். டயர் மாற்றிய செலவை யாரும் பாஸ் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் சேர்க்கிறேன். ஞாயிறு மதியம் திரும்பினால் இதே கூத்து எதிர்த்திசையில்.

இங்கேதான் பாஸின் உண்மையான லாபம் இருக்கிறது என்பது என் கட்சி. அது நாள் கணக்கில் இல்லை, பாதி நாள் கணக்கில். 100 டாலர் கொடுத்து ஒரு நாளை வாங்கினவர் காலை எட்டரைக்கு லிஃப்ட் வரிசையில் நின்றாக வேண்டும், நாலு மணிவரை சறுக்கியாக வேண்டும். கால் வலித்தாலும், பையன் அழுதாலும், காற்று முகத்தை அறுத்தாலும் கொடுத்த காசு விடாது. பாஸ் இருந்தால் அந்தக் கட்டாயம் இல்லை. நாங்கள் சனிக்கிழமை இட்லி சாப்பிட்டு, துணி துவைத்து, பதினோரு மணிக்கு மேல் கிளம்புவோம். நெரிசல் கரைந்திருக்கும். கீஸ்டோனில் குறிப்பிட்ட இரவுகளில் விளக்கு வெளிச்சத்தில் சறுக்கலாம். அந்த இரவாகப் பார்த்துப் போவோம். மதியம் இரண்டு மணி நேரம், இருட்டிய பிறகு இன்னும் கொஞ்சம், நடுவில் பிளாஸ்கில் கொண்டுபோன காப்பி. ரிவர் ரன் கோண்டோலா மூடிய பெட்டி என்பதால் இரவுக் குளிரிலும் மேலே ஏறுவது சிரமமில்லை. அங்கிருந்து ஸ்கூல்மார்ம் என்ற பச்சை ரன் மூன்றரை மைல் நீளத்துக்கு அடிவாரம் வரை வளைந்து வளைந்து இறங்கும். என்னைப் போன்றவர்களுக்காகவே வெட்டியது. எட்டு மணிக்குத் திரும்பினால் ஐ-70 வெறிச்சோடிக் கிடக்கும், பிள்ளைகள் பின்சீட்டில் தூங்கிவிடுவார்கள்.

தனித்தனி டிக்கெட் வாங்கிக்கொண்டு இப்படி ஒரு சனிக்கிழமையை யாரும் கழிக்க மாட்டார்கள். மதியம் ஒரு மணிக்குப் போய் முழு நாள் காசு கொடுக்க மனசு வராது. அதனால் டே பாஸை விடக் கீஸ்டோன் பிளஸ் எனக்குச் சரி. விலை குறைவு என்பது இரண்டாவது காரணம்தான்.

அடுத்தது, நம் ஆட்களுக்கு மட்டுமே உள்ள ஒரு விஷயம். மலிவான பாஸ்களில் எல்லாம் கிறிஸ்துமஸ்-புத்தாண்டு வாரம், மார்ட்டின் லூதர் கிங் நாள் வார இறுதி, பிப்ரவரியில் பிரசிடென்ட்ஸ் டே வார இறுதி என்று பாஸ் செல்லாத தடை நாள்கள் உண்டு. எந்த மலைக்கு எந்த நாள் என்பது பாஸுக்குப் பாஸ் மாறும். வாங்கும் முன் பட்டியலைப் பார்க்க வேண்டும். அமெரிக்க நண்பர்கள் இந்தத் தடைக்குப் பயந்தே முழு எபிக்குக்குத் தாவுகிறார்கள். நாம் டிசம்பர் விடுமுறையில் எங்கே இருக்கிறோம்? ஊரில். பள்ளி விட்ட மறுநாள் விமானம் ஏறினால் கோவில்பட்டியில் அம்மா வீட்டு மொட்டை மாடியில்தான் கண் விழிக்கிறேன். தடை நாள்களில் முக்கியமான வாரத்தில் நாட்டிலேயே இல்லாதவர்கள் அந்தத் தடையை நீக்க ஏன் நூற்றுக்கணக்கில் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? ஊர்ப்பயணம் பருவத்தின் நடுவிலிருந்து மூன்று நான்கு வாரத்தை விழுங்குகிறது என்பதையும் மறக்கக் கூடாது. நவம்பரிலோ மலை திறந்திருக்குமே தவிர, செயற்கைப் பனி தூவிய ஒன்றிரண்டு ரன்களில் ஊரே இறங்கும். நமக்கு மிஞ்சுவது ஜனவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. நல்ல வேளையாக அதுதான் பனி நன்றாக இருக்கும் காலமும். கீஸ்டோன் பிளஸில் பிரெக்கன்ரிட்ஜுக்கு ஐந்து நாளும், ஏப்ரலிலிருந்து அங்கே தாராளமாகவும் கொடுக்கிறார்கள். வசந்தத்தில் சூரியச் சூட்டில் இளகிய பனியில் விழுந்தால் வலிக்காது.

அம்மா ஃபோனில் கேட்டது: "வழுக்கி விழறதுக்குக் காசு வேற கொடுக்கணுமாடி?" அந்தக் கேள்விக்கு எந்தப் பாஸிலும் பதில் இல்லை.

பிள்ளைகள் விஷயத்தில் அவசரப்பட்டுப் பாஸ் வாங்காதீர்கள். கொலராடோவில் மழலையர் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு எபிக் ஸ்கூல்கிட்ஸ் என்று ஒரு இலவசத் திட்டம் இருக்கிறது. வெயில், பீவர் க்ரீக், பிரெக்கன்ரிட்ஜ், கீஸ்டோன், க்ரெஸ்டட் பியூட் என ஒவ்வொரு மலையிலும் நான்கு நாள். விண்ணப்பத்தை இலையுதிர் காலத்திலேயே மூடிவிடுவார்கள், பனி விழுந்த பிறகு ஞாபகம் வந்து பயனில்லை. இது தெரியாமல் இரண்டு பிள்ளைகளுக்கும் பாஸ் வாங்கிய குடும்பங்களை எனக்குத் தெரியும்.

மற்ற செலவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குழந்தைகளுக்கான குழு வகுப்பு ஒரு நாளைக்கு 200 டாலரைத் தாண்டும். எபிக் வகைப் பாஸ் வைத்திருந்தால் குழு வகுப்பு, வாடகை, மலைச் சாப்பாடு ஆகியவற்றில் 20 சதவீதம் தள்ளுபடி உண்டு. முதல் வருஷம் வகுப்பு எடுப்பவர்களுக்கு இது பெரிய தொகை. சாப்பாட்டுத் தள்ளுபடியை நான் தொட்டதில்லை, எலுமிச்சைச் சாதம் கொண்டுபோகிறேன். மலையிலுள்ள ஓய்வுக்கூடத்துக்குள் உட்கார்ந்து சாப்பிட யாரும் எதுவும் சொல்வதில்லை. பூட்ஸ், சறுக்குப் பலகைகளை மலையில் தினவாடகைக்கு எடுக்காமல் ஊரிலேயே பருவ வாடகைக்கு எடுத்துவிடுங்கள். அதிலும் ஒன்று: நாங்கள் எடுத்த ஒரு கடையில் பெண்ணுக்கு ஒரு அளவு பெரிய பூட்ஸைக் கொடுத்து "வளர்ந்துவிடுவாள்" என்றார்கள். செருப்புக் கடைப் பேச்சு. குதிகால் தூக்கிக்கொண்டு அவள் திரும்பவே முடியாமல் தவித்தாள். அங்கேயே போட்டு, முழங்காலை மடக்கிப் பார்த்து, குதிகால் அசையாமல் இருந்தால் மட்டும் எடுங்கள்.

எச்-1பி விசாவில் இருப்பவர்கள் கேட்கிற இன்னொரு கேள்வி: நடுவில் வேலை போய்விட்டால் பாஸ் காசு என்னாகும்? எபிக் பாஸ்களோடு எபிக் கவரேஜ் என்ற காப்பு தனிக் கட்டணம் இல்லாமலே வருகிறது. 2020 மார்ச்சில் கொரோனாவால் மலைகளையெல்லாம் மூடிய குழப்பத்துக்குப் பிறகு கொண்டுவந்தது. காயம், நோய், வேலை இழப்பு போன்றவற்றுக்கு, எத்தனை நாள் பயன்படுத்தினோம் என்பதைக் கழித்துக்கொண்டு திருப்பித் தருவார்கள். நிபந்தனைகளைப் படியுங்கள், ஆனால் இந்தப் பயத்துக்காக வாங்காமல் இருக்க வேண்டாம். பனி குறைந்த வருஷம் என்பதற்கு மட்டும் காசு திரும்பாது.

ஐகான் பக்கம் நான் பொறாமைப்படுவது ஒரே ஒரு விஷயத்துக்காக. டென்வர் யூனியன் ஸ்டேஷனிலிருந்து விண்டர் பார்க்குக்கு ஆம்ட்ராக் ரயில் குளிர்காலத்தில் ஓடுகிறது. மாஃபட் சுரங்கத்தைக் கடந்து மலையின் வாசலிலேயே இறக்கிவிடும். பனியில் கார் ஓட்டப் பயப்படுகிறவர்கள், தனி ஆளாக வந்திருப்பவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம். மாநிலப் போக்குவரத்துத் துறையின் ஸ்னோஸ்டாங் பேருந்தும் வார இறுதிகளில் பிரெக்கன்ரிட்ஜ், காப்பர், லவ்லேண்ட் என்று போகிறது.

அதனால் கேட்கிற பிள்ளைகளுக்கு என் பதில்: முதல் குளிர்காலம் என்றால் இரண்டு நாள் டே பாஸ், ஒரு வகுப்பு, அவ்வளவுதான். பிடித்திருந்து, பக்கத்திலேயே இருந்து, மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது மலையேற மனமிருந்தால் கீஸ்டோன் பிளஸ். எபிக் லோக்கல் பாஸ் வெயில், பீவர் க்ரீக், கனடாவிலுள்ள விஸ்லர் ஆகிய மூன்று மலைகளுக்கும் சேர்த்துப் பத்து நாள் கொடுக்கிறது. அந்தப் பத்து நாளும் வேண்டும் என்று நிச்சயமாகத் தெரிந்தவர்கள் வாங்கலாம். முழு எபிக், கிறிஸ்துமஸ் வாரத்தில் இங்கேயே இருந்து தினமும் சறுக்கப்போகிறவர்களுக்கு.

எங்கள் வீட்டில் இந்த மார்ச்சில் எனக்குக் கீஸ்டோன் பிளஸ், கணவருக்கு லோக்கல் என்று தீர்ந்துவிட்டது. இழுபறி பையனால். இலையுதிர் காலத்தில் அவன் ஆறாம் வகுப்பு; இலவசத் திட்டம் ஐந்தோடு சரி. கொலராடோ ஸ்கீ கன்ட்ரி அமைப்பின் 'பாஸ்போர்ட்' என்ற பிள்ளைகள் பாஸில் ஆறாம் வகுப்பு வரை சிறு கட்டணத்தில் நிறைய மலைகள் உண்டு, ஆனால் அதில் கீஸ்டோன் இல்லை. அவனுக்குக் குழந்தைப் பாஸ் வாங்குவதா, இல்லை ஒரு வருஷம் எல்லோரும் அவனோடு லவ்லேண்டுக்குப் போவதா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறோம். முதல் விலை ஏற்றத்துக்குள் முடிவாக வேண்டும்.