பேக்கிரவுண்டின் சாவி யார் கையில்? ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’ 2024 விமர்சனம்

பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2024 விதிப்புத்தகம் ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’ 384 பக்கம். 12 கிளாஸ் (கேரக்டரின் தொழில்), 48 சப்கிளாஸ் (அதன் உட்பிரிவு), 10 ஸ்பீஷீஸ் (இனம்), 16 பேக்கிரவுண்ட் (சாகசத்துக்கு முந்தைய வாழ்க்கை). 2014 பதிப்பைவிட விதிகளைத் தேடி எடுப்பது எளிது, படங்களும் அருமை. இங்கே பார்க்கப்போவது கேரக்டர் உருவாக்கத்தை மட்டும்தான். முதல் ஆட்டம் தொடங்கும் முன்பே, ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரான டி.எம்.முக்கும் பிளேயருக்கும் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் அங்கேதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். 2014-இல் ஃபீட் (கேரக்டருக்கான சிறப்புத் திறன்) என்பது டி.எம். அனுமதித்தால் மட்டுமே கிடைக்கும் விருப்ப விதி. இப்போது ஒவ்வொரு பேக்கிரவுண்டோடும் ஓர் ஆரிஜின் ஃபீட் (தொடக்கத்திலேயே கிடைக்கும் ஃபீட்) வந்துவிடுகிறது, கேட்டு வாங்க வேண்டியதில்லை. சப்கிளாஸை எல்லாக் கிளாஸும் 3-ஆம் லெவலில் எடுப்பது அதைவிட நல்ல மாற்றம். முன்பு வார்லாக் (ஒரு புரவலரிடமிருந்து மந்திர சக்தி பெறும் கிளாஸ்) எடுத்தவர் 1-ஆம் லெவலிலேயே தன் புரவலர் எந்த வகைச் சக்தி என்று முடிவுசெய்தாக வேண்டும். தன் உலகத்தில் அப்படியொரு சக்தி உண்டா என்று டி.எம். அதுவரை யோசித்திருக்கவே மாட்டார். இப்போது இருவரும் பேசி முடிவெடுக்க இரண்டு லெவல் அவகாசம் இருக்கிறது.

சிக்கல் பேக்கிரவுண்டில் இருக்கிறது. வலிமை, அறிவாற்றல் போன்ற ஆறு ஆற்றல்களின் எண்களைக் கூட்டும் உரிமை ஸ்பீஷீஸிலிருந்து பேக்கிரவுண்டுக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு பேக்கிரவுண்டும் மூன்று ஆற்றல்களைக் காட்டும். அவற்றுக்குள் ஒன்றுக்கு 2, இன்னொன்றுக்கு 1 கூட்டலாம், அல்லது மூன்றுக்கும் 1. படைவீரன் பேக்கிரவுண்டுக்கு வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி. போரிலிருந்து திரும்பி மந்திரம் படித்தவன் என்று ஒரு விசார்டை (அறிவாற்றலால் மந்திரம் போடும் கிளாஸ்) யோசித்த பிளேயருக்கு அதில் அறிவாற்றல் கிடையாது. அறிவாற்றல் எண் 15-இலேயே நின்றால் அவன் மந்திரத்தைத் தடுக்க எதிராளி எட்ட வேண்டிய எண் 12. அறிவாற்றல் உள்ள பேக்கிரவுண்டை எடுத்து 17 ஆக்கினால் 13. இருபது முகப் பகடையில் ஓர் எண் என்றால் 5 சதவீதம். சின்ன வித்தியாசம்தான், ஆனால் மந்திரம் போடும் ஒவ்வொரு முறையும் உறுத்தும். பலர் படைவீரனை விட்டுவிட்டு காவலனையோ அறிஞனையோ எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே கதை எண்ணுக்கு வழிவிட்டுவிடுகிறது.

2014-இல் பேக்கிரவுண்டைத் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் விதி பிளேயர் கையில் இருக்கும் புத்தகத்திலேயே இருந்தது. இந்தப் பதிப்பில் புது பேக்கிரவுண்ட் உருவாக்கும் விதி டி.எம்.முக்கான ‘டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு’க்குப் போய்விட்டது. அதிகாரம் இடம் மாறியதை இந்தப் புத்தகம் மட்டும் வைத்திருக்கும் பிளேயர் உணரவே வழியில்லை. இதில் ஓர் ஓட்டையும் உண்டு: பழைய புத்தகத்து பேக்கிரவுண்டை எடுத்தால் எந்த ஆற்றலையும் கூட்டலாம், அதில் ஃபீட் இல்லையென்றால் விரும்பிய ஆரிஜின் ஃபீட் ஒன்றும் எடுத்துக்கொள்ளலாம். அதாவது 2014-இன் படைவீரன் புதுப் படைவீரனைவிடச் சுதந்திரமானவன். இது தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் நால்வர் என்று உட்காரும் குழுவில் நியாயம் இருக்காது.

தீர்வு எளிது. செஷன் ஜீரோவிலேயே, அதாவது ஆட்டத்துக்கு முன் நடக்கும் பேச்சிலேயே, எந்த ஆற்றலையும் கூட்டலாம் என்று டி.எம். அந்த மூன்றை எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும். ஃபீட் மட்டும் பேக்கிரவுண்டோடு கட்டுண்டே இருக்கட்டும். கதை தடுக்கப்படுவது எண்ணால். ஃபீட்டையும் திறந்துவிட்டால் எல்லாரும் ‘லக்கி’, ‘அலர்ட்’ என்ற அதே இரண்டில் போய் நிற்பார்கள்.

தொடக்க ஆற்றல் எண்களைப் பெற மூன்று வழிகள் தரப்பட்டுள்ளன: பகடை உருட்டுவது, நிலையான வரிசை (ஏற்கெனவே தந்த ஆறு எண்கள்), 27 புள்ளிகளைச் செலவழித்து எண்களை வாங்குவது. எதைப் பயன்படுத்துவது என்பது முழுக் குழுவுக்கும் ஒரே முடிவாக இருக்க வேண்டும், அதை டி.எம். எடுப்பதே சரி. நான்கு ஆறுமுகப் பகடை உருட்டிச் சிறியதை நீக்கும் முறையில் ஆறு எண்களின் கூட்டுத்தொகை சராசரியாக 73-ஐச் சற்றுத் தாண்டும், நிலையான வரிசையில் 72. சராசரியில் பெரிய லாபமில்லை. ஒருவருக்கு 18, பக்கத்தில் இருப்பவருக்கு அதிகபட்சம் 13 என்று விழும்போதுதான் பல மாத ஆட்டம் கெடுகிறது. உருட்டியே தீர வேண்டுமென்றால் ஒரே வரிசையை உருட்டி எல்லாரும் பங்கிட்டுக்கொள்ளலாம். 27 புள்ளி முறையில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் 15-க்கு 9 புள்ளி என்பதால் மூன்று 15, மூன்று 8 என்ற கேரக்டர்கள் வரும். அதைத் தடுக்க நினைக்கும் டி.எம். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

உருவாக்கத்துக்கு முன் டி.எம்.முடன் பேசச் சொல்கிறது புத்தகம். எதைப் பேசுவது என்பதில் இன்னும் விரிவு தேவை. எந்தப் புத்தகங்கள் செல்லும், எந்த ஸ்பீஷீஸ் இந்த உலகில் இல்லை, ஏன் இல்லை, அதற்குப் பதில் என்ன என்று டி.எம். ஒரு பக்கத்தில் எழுதி, கேரக்டர் ஷீட் நிரப்பும் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. நிரப்பிய பிறகு வரும் ‘முடியாது’ தண்டனைபோல் படும். பதிலுக்கு பிளேயர் தன் கடந்த காலத்திலிருந்து ஒரு ஆளையும் ஓர் இடத்தையும் டி.எம். விருப்பப்படி பயன்படுத்தத் தரலாம், கேட்காமல் தொடக்கூடாதது என்று ஒன்றைக் குறித்தும் வைக்கலாம்.

புதிதாகத் தொடங்கும் குழு தயங்காமல் வாங்கலாம். 2014 பிரதி கையில் உள்ளவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டாம், அதன் பேக்கிரவுண்டுகள் இன்னும் செல்லும்.